வளர்ச்சிக் காரணிகள்: குப்பி வந்த நாள் முதல் செல்லுக்குப் போய்ச் சேரும் வரை

"குரோத் ஃபேக்டர் கெட்டுப்போச்சு போல, செல் அசையவே மாட்டேங்குது." ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிற ஒவ்வொருவரும் ஒருமுறையாவது இப்படி வந்து நிற்பார்கள். குரோத் ஃபேக்டர், அதாவது வளர்ச்சிக் காரணி என்பது செல்லைப் பெருகவும் மாறவும் தூண்டும் புரதம். சந்தேகம் முதலில் ஃப்ரீசர் மேல்தான் விழும். நான் பார்த்தவரை ஃப்ரீசர் குற்றவாளியாக இருப்பது குறைவு. குப்பியைத் திறந்த முதல் அரை மணி நேரத்திலேயே புரதம் போயிருக்கும்: கொஞ்சம் மூடியில், கொஞ்சம் தவறான கரைப்பானில், மிச்சம் பிளாஸ்டிக் சுவரில்.

அதனால் இங்கே திறப்பதற்கு முந்தைய வேலைகளுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். உறைய வைத்து உலர்த்திய பொடியாக வரும் ரீகாம்பினன்ட் (மரபணு மாற்றிய செல்களில் தயாரித்த) வளர்ச்சிக் காரணிகளுக்கு இது பொருந்தும்: ஈ.ஜி.எஃப்., எஃப்.ஜி.எஃப்.-2, வி.இ.ஜி.எஃப்., டி.ஜி.எஃப்.-பீட்டா1, பி.எம்.பி.-2 போன்றவை. பைப்பெட் பிடிக்கவும் சுத்தமாக ஹுட்டில் (கிருமி புகாத வேலைப் பெட்டியில்) வேலை செய்யவும் தெரிந்தவர்தான் படிக்கிறார் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. குப்பி வந்ததும் டேட்டாஷீட்டைப் படியுங்கள்

பெட்டியைப் பிரித்ததும் ஐஸ் இல்லையே என்று பதறுவது முதல் தவறு. உலர்ந்த பொடி அறை வெப்பத்தில் சில நாட்கள் தாங்கும். அதனால்தான் பல குப்பிகள் குளிரூட்டாமலே அனுப்பப்படுகின்றன. வந்ததும் கூட வரும் டேட்டாஷீட் தாளில் சொன்ன வெப்பநிலையில், பெரும்பாலும் மைனஸ் 20 அல்லது மைனஸ் 80 டிகிரியில், மூடியைத் தொடாமல் வையுங்கள். வந்த தேதியைக் குப்பியின் மேல் எழுதிவிடுங்கள்.

இரண்டாவது தவறு, போன முறை வாங்கிய தாளை வைத்து இந்த முறை கரைப்பது. பெயர் ஒன்றாக இருந்தாலும் ஒவ்வொரு தயாரிப்பும் வெவ்வேறு பஃபரிலிருந்து (பி.எச். மாறாமல் காக்கும் கரைசலிலிருந்து) உலர்த்தப்பட்டிருக்கும். ஒன்றைத் தண்ணீரில் கரைக்கலாம், இன்னொன்றுக்கு அமிலம் வேண்டும். அந்த லாட்டுக்கான (தயாரிப்புத் தொகுதிக்கான) தாளை எடுத்து, எதில் கரைக்க வேண்டும், எந்தச் செறிவுக்குக் கரைக்க வேண்டும், கேரியர் புரதம் (வளர்ச்சிக் காரணி சுவரில் ஒட்டி வீணாகாமல் காக்கக் கூடவே போடும் ஆல்புமின் போன்ற புரதம்) ஏற்கெனவே கலந்திருக்கிறதா, கரைத்த பின் எத்தனை நாள் தாங்கும் என்பவற்றை அடிக்கோடிடுங்கள். இந்த வழிகாட்டியும் தாளும் முரண்பட்டால் தாளைக் கேளுங்கள்.

கேரியர் விஷயத்தை இன்னும் வாங்காதவர்கள் இப்போதே முடிவு செய்யலாம். புரதத்தை ஒரு பரப்பிலோ மணியிலோ வேதிப் பிணைப்பால் ஒட்டப்போகிறீர்கள், அல்லது அதற்கு நிறமி ஏற்றப்போகிறீர்கள் என்றால் கேரியர் இல்லாதது வேண்டும். இல்லாவிட்டால் கூட இருக்கும் ஆல்புமின்தான் ஒட்டும், ஆல்புமின்தான் நிறமேறும். சாதாரண செல் வளர்ப்புக்குக் கேரியர் உள்ளதே நிம்மதி.

2. கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள்

பொதுவாக எல்லோரும் குப்பியில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து, கைக்கு வந்த அளவு திரவம் ஊற்றி, வந்த செறிவை எழுதி வைக்கிறார்கள். இதைத் திருப்பிப் போடுங்கள். ஒரு வாரத்துக்கு எவ்வளவு மீடியம் (செல் வளரும் ஊட்டத் திரவம்) வேண்டும், அதில் என்ன செறிவு வேண்டும் என்று தொடங்கினால், ஒரு டியூபில் எவ்வளவு வைக்க வேண்டும் என்பது தானாக வந்து நிற்கும்.

ஓர் உதாரணம். ஈ.ஜி.எஃப். 100 மைக்ரோகிராம் குப்பி. மீடியத்தில் வேண்டியது மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம். வாரத்துக்கு 50 மில்லிலிட்டர் மீடியம். 50-ஐ 20-ஆல் பெருக்கினால் 1000 நானோகிராம், அதாவது 1 மைக்ரோகிராம். ஸ்டாக்கை, அதாவது கெட்டியாகக் கரைத்து வைக்கும் கரைசலை, மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராமாக வைத்தால் வாரத்துக்கு 10 மைக்ரோலிட்டர் போதும்.

அப்படியானால் பத்துப் பத்தாகப் பிரிக்கலாமா? நான் அப்படிச் செய்வதில்லை. அவ்வளவு சின்னத் துளியில் ஆவியாவதும் சுவரில் ஒட்டுவதும் விகிதத்தில் பெரிதாகத் தெரியும். ஒரு டியூபை இரண்டு வாரத்துக்கு என்று கணக்கிட்டு 20 எடுத்துக்கொள்வேன். 20 வைத்த டியூபிலிருந்து இரண்டு முறை முழுப் பத்து எடுக்க முடியாது, கடைசியில் டிப் காற்றை உறிஞ்சும். அதனால் 22 வைப்பேன். 1 மில்லிலிட்டர் ஸ்டாக்கில் 45 டியூப் கிடைக்கும். லேபிள் எத்தனை எழுத வேண்டும் என்பதும் இப்போதே தெரிந்துவிட்டது.

இங்கே நடக்கும் பெரிய பிழை நானோவும் மைக்ரோவும் இடம் மாறுவது. ஆயிரம் மடங்கு வித்தியாசம், ஆனால் காகிதத்தில் ஓர் எழுத்துதான். கணக்கு முழுவதையும் நானோகிராமிலேயே எழுதி, கடைசி வரியில் மட்டும் மாற்றுங்கள். வேறொருவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை.

பழைய முறைகளில் அளவு யூனிட்டில் கொடுக்கப்பட்டிருக்கலாம். தாளில் உள்ள இ.டி.50 (உச்ச விளைவில் பாதியைத் தரும் செறிவு) மதிப்பு மில்லிலிட்டருக்கு நானோகிராம் கணக்கில் இருந்தால், 10 லட்சத்தை அதனால் வகுத்தால் ஒரு மில்லிகிராமுக்கு எத்தனை யூனிட் என்று கிடைக்கும். இ.டி.50 என்பது 0.1 என்றால் மில்லிகிராமுக்கு 1 கோடி யூனிட். எந்தச் செல்லில் அளந்தார்கள் என்பதைப் பொறுத்து இந்த எண் மாறும், எனவே இரண்டு தயாரிப்புகளின் யூனிட்டை நேரடியாக ஒப்பிட வேண்டாம்.

3. மேசைமேல் எல்லாம் இருக்கட்டும்

குப்பியைத் திறந்தபின் டியூப் தேடி ஓடக் கூடாது. புரதத்தை ஒட்டவிடாத வகைப் பாலிப்ரொப்பிலீன் டியூப், ஃபில்டர் வைத்த டிப், கரைப்பான், ஐஸ், மைக்ரோஃபியூஜ் (டியூபைச் சுற்றி உள்ளிருப்பதை அடிக்கு இறக்கும் சிறு கருவி), எழுதி முடித்த லேபிள்கள், 70 சதவீத ஆல்கஹால். இவ்வளவும் முன்னால் இருக்க வேண்டும்.

கண்ணாடியும் பாலிஸ்டைரீனும் வேண்டாம். இரண்டிலும் புரதம் நன்றாகவே ஒட்டும்.

லேபிளில் புரதத்தின் பெயர், மனிதனுடையதா எலியுடையதா, செறிவு, கரைப்பான், லாட் எண், தேதி, உங்கள் முதலெழுத்து. ஆல்கஹால் பட்டால் அழியாத மையா என்று ஒருமுறை தேய்த்துப் பாருங்கள்.

4. கரைப்பானைத் தயார் செய்வது

அதிகம் சறுக்குகிற இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் கேரியர் ஏன் வேண்டும் என்று புரிய வேண்டும். டியூபின் சுவர் ஓரளவு புரதத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், அதன் பின் நிறைந்துவிடும். திரவத்தில் புரதம் நிறைய இருந்தால் அந்த இழப்பு கண்ணுக்கே தெரியாது. வளர்ச்சிக் காரணிகளை நாம் நானோகிராம் கணக்கில் புழங்குவதால், சுவர் பிடித்துக்கொள்வதே நம் கையிலிருப்பதில் பெரும் பங்காகிவிடும். மாட்டின் சீரம் ஆல்புமினை, அதாவது பி.எஸ்.ஏ.-வை, கூடவே போட்டால் அது பல மடங்கு அதிகமாக இருப்பதால் சுவரை முதலில் நிரப்பிவிடும். வழக்கமான அளவு 0.1 சதவீதம், அதாவது மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம்.

தயாரிப்பது எளிது. 10 மில்லிலிட்டர் பி.பி.எஸ்.-இன் (நடுநிலை பி.எச். உள்ள ஃபாஸ்ஃபேட் உப்புக் கரைசலின்) மேற்பரப்பில் 10 மில்லிகிராம் பி.எஸ்.ஏ.-வைத் தூவி அப்படியே விட்டுவிடுங்கள், தானாகக் கரையும். குலுக்கினால் நுரைதான் மிஞ்சும். கரைந்தபின் 0.22 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டுங்கள். செல் வளர்ப்புக்கென்று விற்கும், எண்டோடாக்சின் (பாக்டீரியாவிலிருந்து வரும் நச்சு) குறைந்த பி.எஸ்.ஏ.-வாக இருக்கட்டும். மேக்ரோஃபேஜ் போன்ற நோயெதிர்ப்புச் செல்கள் எண்டோடாக்சினுக்கே துள்ளும், அதை நீங்கள் வளர்ச்சிக் காரணியின் விளைவு என்று எழுதிவைப்பீர்கள். சோடியம் அசைடு கலந்த பஃபரைத் தொடவே வேண்டாம், அது செல்லுக்கு விஷம்.

வடிகட்டும் வரிசையைக் கவனியுங்கள். கரைப்பானை வடிகட்டுங்கள், அதன் பிறகுதான் வளர்ச்சிக் காரணி. ஸ்டாக் சுத்தமாக இருக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில் கரைத்த ஸ்டாக்கை ஃபில்டரில் விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஃபில்டரின் சவ்வுக்கு உள்பரப்பு மிக அதிகம், நீர்த்த புரதத்தை அதில் விட்டால் கீழே வருவது ஏறக்குறைய வெறும் பஃபர். தவிர்க்கவே முடியாத நிலை என்றால், கேரியர் சேர்த்தபின், புரதம் குறைவாக ஒட்டும் பி.இ.எஸ். அல்லது பி.வி.டி.எஃப். சவ்வில் மட்டும்.

விலங்கிலிருந்து வந்த எதுவும் கூடாது என்ற விதி உங்கள் வேலையில் இருந்தால், ரீகாம்பினன்ட் மனித ஆல்புமின் பயன்படுத்தலாம். டிரெஹலோஸும் பயன்படும். அது சர்க்கரை என்பதால் உறையும்போது புரதத்தைக் காக்கும், ஆனால் சுவரை ஆல்புமின் போல நிரப்பாது.

இனி அமிலம். டி.ஜி.எஃப்.-பீட்டா1-ஐப் பல தாள்கள் 4 மில்லிமோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில், மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் ஆல்புமினோடு கரைக்கச் சொல்லும். சில தயாரிப்புகளுக்குச் சிட்ரிக் அமிலம். பி.எம்.பி.-2-வும் இதே குடும்பம், அமிலத்தில்தான் ஒழுங்காகக் கரையும். இந்தப் புரதங்களின் மேற்பரப்பில் தண்ணீரை வெறுக்கும் பகுதிகள் அதிகம். நடுநிலை பி.எச்.-இல் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும், சுவரிலும் அப்பிக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் பி.பி.எஸ். என்ற பழக்கம் டி.ஜி.எஃப்.-பீட்டாவைக் கொன்றுவிடும்.

4 மில்லிமோலார் அமிலம் செய்ய, 10 மில்லிலிட்டர் கிருமியற்ற தண்ணீரில் 1 மோலார் அமிலம் 40 மைக்ரோலிட்டர் போதும். பிறகு ஆல்புமின், பிறகு வடிகட்டல்.

அமிலம் செல்லைக் கொன்றுவிடாதா என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். மில்லிலிட்டருக்கு 20 மைக்ரோகிராம் ஸ்டாக்கிலிருந்து 5 நானோகிராமுக்கு வர 4000 மடங்கு நீர்க்கிறோம். 4 மில்லிமோலார் அமிலம் 1 மைக்ரோமோலார் ஆகிவிடும். மீடியத்தில் இருக்கும் பைகார்பனேட் பல மில்லிமோலார். அது இதைக் கவனிக்கக்கூட செய்யாது.

எதிர்த்திசைத் தவறும் உண்டு. அமிலம் நல்லது என்று கேட்டுவிட்டு எஃப்.ஜி.எஃப்.-2-ஐயும் அமிலத்தில் கரைப்பது. அது அமிலத்தைத் தாங்காது. நடுநிலை பஃபர்தான் அதற்கு.

5. சுற்றி இறக்கி, அப்புறம் திற

குப்பியை ஃப்ரீசரிலிருந்து எடுத்து, மூடியபடியே அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள். கால் மணி நேரம் போதும். குளிர்ந்த குப்பியைத் திறந்தால் காற்றிலுள்ள ஈரம் உள்ளே படியும். உடனே முழுவதையும் கரைக்கப்போகிறீர்கள் என்றால் அது பெரிய விஷயம் இல்லை, ஆனால் பாதியில் வேறு வேலை வந்து மூடி வைத்தால் ஈரப்பட்ட பொடி கெடத் தொடங்கும்.

அடுத்து மைக்ரோஃபியூஜில் அரை நிமிடம். பயணத்தில் பொடி எங்கும் பறந்து ஒட்டியிருக்கும், மூடியின் உட்புறம் உட்பட. சுற்றினால்தான் அடிக்கு வரும். கண்ணாடிக் குப்பியானால் அது தாங்கும் வேகத்தில், பொருந்தும் அடாப்டரில் வைத்துச் சுற்றுங்கள். பிளாஸ்டிக் டியூபுக்கான வேகத்தில் விட்டால் உடைந்துவிடும்.

உள்ளே ஒன்றுமே தெரியாவிட்டால் பயப்படாதீர்கள். கேரியர் இல்லாத 10 மைக்ரோகிராம் புரதம் கண்ணுக்குத் தெரியாது. என் முதல் குப்பியைச் சுற்றாமல் திறந்து, மூடியை ஓரமாகக் கவிழ்த்து வைத்துவிட்டு, காலியாக அனுப்பிவிட்டார்கள் என்று புகார்க் கடிதம் எழுதவே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து மேசையிலிருந்த அக்கா தலையைக்கூடத் திருப்பாமல் "சுத்தினியா?" என்றார். மூடி அதற்குள் குப்பைக்குப் போயிருந்தது.

ரப்பர் அடைப்பானோடு வெற்றிடத்தில் மூடிய குப்பிகளும் உண்டு. சட்டென்று திறந்தால் காற்று உள்ளே பாய்ந்து பொடியைக் கிளப்பிவிடும். கிருமியற்ற ஊசியால் அடைப்பானைக் குத்தி, காற்று மெல்ல நுழைந்த பிறகு திறங்கள். வெளிப்புறத்தை ஆல்கஹாலால் துடைத்து ஹுட்டுக்குள் கொண்டுபோவதை மறக்க வேண்டாம்.

6. கரைப்பது

கேரியர் இல்லாத குப்பியை இரண்டு படியாகக் கரையுங்கள். முதலில் தாளில் சொன்ன வெறும் கரைப்பானில் கெட்டியாக, பிறகு ஆல்புமின் பஃபரால் நீர்த்து. நம் ஈ.ஜி.எஃப். உதாரணத்தில் 200 மைக்ரோலிட்டர் கிருமியற்ற தண்ணீரில் கரைத்தால் மில்லிலிட்டருக்கு 500 மைக்ரோகிராம். பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து 800 மைக்ரோலிட்டர் ஆல்புமின் பஃபர் சேர்த்தால் 100 மைக்ரோகிராம். ஆல்புமின் 0.08 சதவீதமாகக் குறைந்துவிடுமே என்றால், பரவாயில்லை. 2 அல்லது 10 மைக்ரோகிராம் மட்டுமே இருக்கும் டி.ஜி.எஃப்.-பீட்டா குப்பிக்கு இந்த இரண்டு படி சரிவராது. அதை ஆல்புமின் கலந்த அமிலத்திலேயே நேராகக் கரையுங்கள்.

கரைப்பானை அடியில் பீய்ச்சாதீர்கள். டிப்பைக் கழுத்தருகே வைத்து, சுவரைச் சுற்றி வழியவிடுங்கள், ஒட்டியிருப்பதும் கழுவி இறங்கும். மூடி, சாய்த்துச் சாய்த்து உருட்டி, 15 முதல் 20 நிமிடம் அறை வெப்பத்தில் விட்டுவிடுங்கள். நடுவில் இரண்டு முறை உருட்டலாம். கடைசியில் ஐந்து விநாடி சுற்றி இறக்குங்கள்.

வோர்டெக்ஸ் (டியூபை வேகமாக அதிரவைத்துக் கலக்கும் கருவி) வேண்டவே வேண்டாம். குமிழி வரும்படி பைப்பெட்டால் மேலும் கீழும் இழுப்பதும் அதே கதைதான். காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பில் புரதம் தன் மடிப்பை விட்டு விரிந்துவிடும், நுரை என்பது முழுக்க முழுக்க அந்தப் பரப்புதான். "தண்ணி மாதிரி இருக்கு, கலங்கலையோ" என்ற சந்தேகத்தில்தான் பலர் வோர்டெக்ஸில் வைக்கிறார்கள். பொறுமையாக இருங்கள், கரைய வேண்டியது கரையும்.

துகள் மிதந்தால் ஃப்ரிட்ஜில் சில மணி நேரம் வைத்துப் பாருங்கள். 37 டிகிரியில் சூடாக்க வேண்டாம். அப்போதும் போகவில்லை என்றால் கரைப்பான் தவறாக இருக்க வாய்ப்பு அதிகம், தாளைத் திரும்பப் படியுங்கள். துகளை வடிகட்டி எடுக்கும் எண்ணம் வந்தால் நிறுத்துங்கள். நீங்கள் எறியப்போகும் அந்தத் துகள்தான் உங்கள் புரதம்.

7. பங்கு பிரிப்பது

இதை அலிகாட் போடுவது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். டியூப்களை ஐஸில் அடுக்கி, டிப்பை ஸ்டாக்கில் ஒருமுறை இழுத்து விட்டு நனைத்துக்கொண்டு, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் நிரப்புங்கள். 10 மைக்ரோலிட்டருக்குக் கீழே எந்தப் பங்கும் வேண்டாம். மூடிகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள், சரியாக மூடாத டியூபில் சின்னத் துளி ஃப்ரீசருக்குள்ளேயே மெல்ல உலர்ந்து செறிவு மாறும்.

கடைசி டியூபில் குறைவாக வந்தால் அதை எறியாமல், "முதலில் எடு" என்று எழுதி வையுங்கள்.

8. உறைய வைப்பது

மைனஸ் 80 நல்லது. மைனஸ் 20 போதும் என்று தாள் சொன்னாலும் எந்த ஃப்ரீசர் என்று பாருங்கள். பனி படியாத வகை ஃப்ரீசர்கள் பனியைக் கரைப்பதற்காக அவ்வப்போது தங்களைத் தாங்களே சூடாக்கிக்கொள்ளும். பெரிய பொருளுக்கு அது தெரியாது, 20 மைக்ரோலிட்டர் துளிக்கு ஒவ்வொரு முறையும் உருகி உறைவது போலத்தான். கையால் பனி நீக்கும் வகையில் வையுங்கள், கதவோரத் தட்டில் வேண்டாம்.

வேகமாக உறைய வேண்டும். செல் உறைய வைத்துப் பழகியவர்கள் பழக்கதோஷத்தில் அலிகாட்டுகளையும் நிமிடத்துக்கு ஒரு டிகிரி இறங்கும் அந்தப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். செல்லுக்கு மெதுவாக உறைவது நல்லது, புரதத்துக்கு அது கெடுதல். சோடியம் ஃபாஸ்ஃபேட் பஃபர் மெதுவாக உறையும்போது அதிலுள்ள ஓர் உப்பு முந்திப் படிகமாகிவிடும், மிச்சத் திரவத்தின் பி.எச். இறங்கும். எஃப்.ஜி.எஃப்.-2 போன்றதற்கு அந்த நேரம் நல்லதல்ல. மைனஸ் 80-இல் முன்பே குளிரவைத்த உலோக ரேக்கில் நேராக வைத்துவிடுங்கள். திரவ நைட்ரஜன் தேவையில்லை.

உலர் பனியோடு வேறிடத்துக்கு அனுப்ப நேர்ந்தால், மூடியை இறுக்கி இன்னொரு பைக்குள் போடுங்கள். தளர்ந்த மூடி வழியே கார்பன் டை ஆக்சைடு புகுந்தாலும் திரவம் அமிலமாகும்.

எத்தனை நாள் தாங்கும்? கேரியரோடு உறைந்த பங்குகள் புரதத்தைப் பொறுத்து மூன்று மாதம் முதல் ஒரு வருடம் வரை. ஃப்ரிட்ஜில் 4 டிகிரியில் ஒரு வாரம் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு, சில தாள்கள் ஒரு மாதம்வரை கொடுக்கும்.

9. உருக்குவது

ஐஸ் மேல் வையுங்கள், அல்லது ஃப்ரிட்ஜில். கால் மணி நேரத்தில் உருகிவிடும். 37 டிகிரித் தண்ணீரில் போட வேண்டாம், உள்ளங்கையில் வைத்து உருட்டவும் வேண்டாம். உருகியதும் விரலால் மெல்லத் தட்டிக் கலந்து, சுற்றி இறக்கிவிட்டுத் திறங்கள். உறைந்தது உருகும்போது செறிவு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக நிற்கும். கலக்காமல் மேலிருந்து எடுத்தால் நீர்த்ததுதான் கிடைக்கும்.

மீதியைத் திரும்ப உறைய வைக்காதீர்கள். ஒருமுறை கூடவா என்று கேட்பார்கள். ஒருமுறையில் எல்லாம் போய்விடாது என்பது உண்மைதான். எவ்வளவு போனது என்று தெரியாது, அங்கேதான் வம்பு. இந்த வாரம் 20 நானோகிராம் போட்டதாக எழுதுவீர்கள், உள்ளே வேலை செய்வது எத்தனை என்று யாருக்கும் தெரியாது. மீதியை உருக்கிய தேதி எழுதி ஃப்ரிட்ஜில் வைத்து அடுத்த வாரம் முடித்துவிடுங்கள். ஈ.ஜி.எஃப். 53 அமினோ அமிலம், மூன்று டைசல்ஃபைடு பிணைப்பு என்று இறுக்கிக் கட்டிய சின்னப் புரதம், ஒரு வாரம் தாராளமாக இருக்கும். எஃப்.ஜி.எஃப்.-2-க்கு அந்த நம்பிக்கை எனக்கு இல்லை. அதை ஒரு முறைக்கு ஒரு டியூப் என்றே பிரிப்பேன்.

10. மீடியத்தில் சேர்ப்பது

1 மைக்ரோலிட்டரும் அதற்குக் கீழும் பைப்பெட் செய்வதை நம்பாதீர்கள். 10 மில்லிலிட்டர் மீடியத்தில் மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம் வேண்டும் என்றால் 100 நானோகிராம், நம் ஸ்டாக்கில் அது 1 மைக்ரோலிட்டர். ஆல்புமின் பஃபரில் பத்து மடங்கு நீர்த்துக்கொண்டு 10 மைக்ரோலிட்டராகச் சேருங்கள். இந்த இடைப்பட்ட நீர்ப்பை அன்றன்றைக்குச் செய்யுங்கள், உறைய வைக்க வேண்டாம். அமில ஸ்டாக்கானால் நடுவில் பி.பி.எஸ்.-இல் நீர்த்து நிறுத்தி வைக்காமல், ஆல்புமின் கலந்த அதே அமிலத்தில் நீர்த்து நேராக மீடியத்துக்குப் போங்கள்.

500 மில்லிலிட்டர் பாட்டிலில் மொத்தமாக ஊற்றி வைப்பது சோம்பேறித்தனத்துக்கு இதம், செல்லுக்கு அல்ல. ஒவ்வொரு நாளும் அந்தப் பாட்டில் 37 டிகிரிக்குப் போய் வரும், மூன்றாவது வாரம் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல முடியாது. வாரத் தேவைக்கு மட்டும் தனியாக ஊற்றி அதில் சேருங்கள். அன்றைக்கு வேண்டியதைச் சின்ன டியூபில் எடுத்து அறை வெப்பத்துக்குக் கொண்டுவாருங்கள். மீடியத்தை வடிகட்ட வேண்டியிருந்தால் அதை முடித்த பிறகே வளர்ச்சிக் காரணி.

எஃப்.ஜி.எஃப்.-2 பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இன்குபேட்டரின் 37 டிகிரியே அதற்கு அதிகம், ஒரு நாளுக்குள் செயலில் பெரும்பகுதி போய்விடும். மனித ஸ்டெம் செல்களுக்குத் தினமும் மீடியம் மாற்றச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஹெப்பாரின் சேர்த்தால் அது இன்னும் கொஞ்சம் தாங்கும். வெப்பம் தாங்கும்படி மாற்றியமைத்த வடிவங்களும் விற்பனையில் இருக்கின்றன. விடுமுறை நாட்களில் மீடியம் மாற்றாமல் விட்டுவிட்டுத் திங்கட்கிழமை ஸ்டாக்கைக் குறை சொல்வது நியாயமில்லை.

வளர்ப்புத் தட்டில் ஒப்பீட்டுக்கு வைக்கும் குழியில் வெறும் மீடியம் ஊற்றுவதும் அடிக்கடி பார்க்கும் தவறு. அங்கே அதே அளவு கரைப்பான் போக வேண்டும், அதே அமிலம், அதே ஆல்புமின், வளர்ச்சிக் காரணி மட்டும் இல்லாமல். ஆல்புமின் தானே கொழுப்பு அமிலங்களைச் சுமந்து வரும், சில செல்கள் அதற்கே மாறி நடக்கும்.

11. செல் அசையவில்லை என்றால்

உடனே புதுக் குப்பி திறக்காதீர்கள். முதலில் கணக்கை வேறொருவர் கையால் திரும்பப் போடச் சொல்லுங்கள். பிறகு டியூபின் லேபிளைப் பாருங்கள்: சரியான விலங்கினம்தானா, சரியான கரைப்பான்தானா. அப்புறம் மீடியத்தில் சீரம் எவ்வளவு என்று பாருங்கள். சீரத்திலேயே பல வளர்ச்சிக் காரணிகள் இருப்பதால், 10 சதவீதம் சீரத்தின் மேல் நீங்கள் சேர்ப்பது தெரியாமலே போகலாம்.

இதெல்லாம் சரி என்றால், ஒரு வாரம் காத்திருக்க வேண்டாத சோதனை ஒன்று உண்டு. செல்லை ஓர் இரவு சீரம் இல்லாமல் அல்லது மிகக் குறைத்து வைத்து, மறுநாள் ஈ.ஜி.எஃப். அல்லது எஃப்.ஜி.எஃப்.-2 சேர்த்து 5 முதல் 10 நிமிடத்தில் செல்லை உடைத்து, செல்லுக்குள் செய்தி கடத்தும் ஈ.ஆர்.கே. புரதத்தில் ஃபாஸ்ஃபேட் ஏறியிருக்கிறதா என்று வெஸ்டர்ன் பிளாட்டில் (குறிப்பிட்ட புரதத்தை ஆன்டிபாடியால் கண்டறியும் சோதனையில்) பாருங்கள். டி.ஜி.எஃப்.-பீட்டாவுக்கு அதேபோல் ஸ்மாட்2 என்ற புரதம், அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில். சிக்னல் வந்தால் ஸ்டாக் உயிரோடு இருக்கிறது, பிரச்சினை மீடியத்திலோ செல்லிலோ. வரவில்லை என்றால், பதில் கொடுக்கும் என்று நன்றாகத் தெரிந்த இன்னொரு செல்லில் ஒருமுறை பாருங்கள். ஸ்டாக்கைக் குறை சொல்வது அதன் பிறகுதான்.

ஒரே செறிவில் பார்த்து முடிவு கட்டாமல் ஐந்தாறு செறிவு வையுங்கள். செறிவுக்கு ஏற்ப விளைவைக் காட்டும் வளைகோடு முழுதாக இருந்து, பத்து மடங்கு தள்ளி நின்றால் நீர்ப்பில் பிழையோ சுவரில் இழப்போ இருக்கலாம். உச்சமே தாழ்ந்திருந்தால் பார்க்க வேண்டிய இடம் செல்லும் மீடியமும்.

புது லாட் வந்தாலும் இதே சோதனைதான், பழையதும் புதியதும் ஒரே நாளில், ஒரே தட்டில். அதற்குப் பழையது கையில் இருக்க வேண்டும், அதனால் கடைசி ஐந்து டியூப் மிச்சமிருக்கும்போதே அடுத்த குப்பியை வரவழைத்துவிடுங்கள்.